நீலச் சேலை வெள்ளையாக வந்த படம்

1. இருட்டு அறை

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் டாக்டர் சார் என்னை ஓர் அறைக்குள் உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிட்டார். ஜன்னல்களில் எல்லாம் கறுப்புத் துணி அடித்திருந்தது. கதவில் மட்டும் ஒரு மிளகு நுழையும் அளவுக்கு ஓட்டை.

"பேடிக்கண்டா மணி. பயப்படாம சுவரைப் பாரு" என்று வெளியில் இருந்து குரல் கொடுத்தார்.

அதுவரை நான் கிழக்கேகோட்டையில் ஒரு ஹோட்டலில் சப்ளையராக இருந்தவன். பழைய கேமராக்களைத் துடைத்து வைக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு வந்திருந்தேன். துடைக்கிற வேலைக்கு இருட்டில் எதற்கு உட்கார வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் கண் பழகியது. எதிர்ச்சுவரில் எங்கள் தெரு தெரிந்தது, ஆனால் தலைகீழாக. தென்னை மரம் மேலேயிருந்து தொங்கியது. ஒரு பஸ் பல்லி மாதிரி உச்சியில் ஒட்டிக்கொண்டு ஓடியது.

வெளியே ஓடி வந்து, "சார், ரோடு தலைகீழா போகுது" என்றேன்.

"அதானு கேமரா" என்று சிரித்தார். "கேமரான்னா வேற ஒண்ணுமில்ல. பழைய ஒரு பாஷையில அறைன்னு அர்த்தம். ஆதியில இதுதான் கேமரா. ஆளு அதுக்குள்ள போய் இருக்கணும்."

பிள்ளைகளே, நீங்களும் வீட்டில் இதைச் செய்து பார்க்கலாம். ஒன்றை மட்டும் கவனித்து வையுங்கள். அந்தச் சுவரில் தெரிந்த பஸ் சிவப்பாகவே இருந்தது. ஆகாயம் நீலமாகவே இருந்தது. ஓட்டை வழியாக வரும் வெளிச்சம் நிறத்தை மாற்றுவதில்லை. நிறம் மாறுவது அதற்குப் பிறகு.

2. அறை பெட்டியானது

டாக்டர் சார் ஆஸ்பத்திரி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். சம்பாதித்ததை எல்லாம் பழைய கேமராவாக வாங்கித் தன் வீட்டின் கீழ்த்தளம் முழுவதும் வைத்திருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்ப்பார்கள். மலையாளப் பிள்ளைகளுக்கு அவர் சொல்லுவார். தமிழ் பேசுகிறவர்கள் வந்தால் என்னைக் கூப்பிடுவார். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்கு அவர் சொல்லிச் சொல்லித்தான் இவ்வளவும் தெரியும்.

அறையைச் சுருக்கிப் பெட்டியாக்கினார்கள். ஓட்டையில் ஒரு லென்ஸ் வைத்தார்கள். பெட்டிக்குள் விழுகிற படத்தின் மேல் காகிதம் வைத்து, ஓவியர்கள் பென்சிலால் வரைந்தார்கள். விழுகிற படத்தைக் கை வைக்காமல் அப்படியே பிடித்து வைக்க முடியாதா என்று பலர் பல வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கடைசியில் வெள்ளி முலாம் பூசிய செம்புத் தகட்டில் படம் நின்றது. பாதரச ஆவி காட்டித்தான் அதை வெளியே கொண்டுவர வேண்டும். அந்தத் தகடு கண்ணாடி மாதிரி பளபளக்கும். ஒரு தடவை எடுத்தால் ஒரே படம்தான், நகல் கிடையாது.

பிறகு காகிதத்தில் நெகடிவ் எடுத்தார்கள், அதாவது வெளுப்பும் கறுப்பும் மாறி விழுகிற படம், அதில் இருந்து எத்தனை நகலும் போடலாம். அதற்குப் பிறகு கண்ணாடி பிளேட் வந்தது. முதலில் வந்த கண்ணாடி பிளேட்டில் மருந்து ஈரமாக இருக்கும்போதே படம் எடுத்துக் கழுவிவிட வேண்டும். அதனால் போகிற இடமெல்லாம் கூடாரத்தையும் மருந்துப் பாட்டில்களையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்புறம் காய்ந்த பிளேட் அட்டைப் பெட்டியில் கடைக்கு வந்தது. ஒரே ஆள் கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு மலை ஏற முடிந்தது அதற்குப் பிறகுதான்.

ஆடாமல் நிற்க வேண்டும் என்பதற்காக ஆளுடைய பின்மண்டையைப் பிடிக்கும் இரும்புக் கம்பி ஒன்று எங்களிடம் உண்டு. பிள்ளைகளுக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும். ஒவ்வொருவராகத் தலையைக் கொடுத்துப் பார்ப்பார்கள். எல்லாவற்றையும் காட்டி முடித்தபின் நான், "ஆள் பொய் சொல்லலாம், கேமரா பொய் சொல்லாது" என்று முடிப்பேன். டீச்சர்கள் கை தட்டுவார்கள்.

3. பேச்சியம்மா

ஒரு நாள் காலையில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. வயதான ஓர் அம்மாவை அவர் மகள் கையைப் பிடித்து இறக்கினாள். போனக்காடு எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர், பெயர் பேச்சியம்மா. மகள் ராணி இங்கே நகரத்தில் குடியிருந்தாள். அவள் வீட்டுக்காரர்தான் ஆட்டோ ஓட்டி வந்தவர். நெஞ்சில் நீர் கட்டுகிறது என்று பெரிய ஆஸ்பத்திரிக்குக் காட்ட அம்மாவை மலையில் இருந்து இறக்கியிருந்தார்கள்.

பேச்சியம்மா மடியில் இருந்து துணி சுற்றிய ஓர் அட்டையை எடுத்தார். பழைய போட்டோ. எஸ்டேட் லயத்துக்கு, அதாவது கூலிக்காரர்களின் வரிசை வீடுகளுக்கு, முன்னால் ஓர் ஆண் தலைப்பாகை கட்டி நிற்கிறார். பக்கத்தில் ஒரு பெண் கைக்குழந்தையோடு நாற்காலியில் இருக்கிறார். பெண்ணின் காலைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுவன். அந்தப் பெண்ணின் சேலை பால் வெள்ளை. நெற்றியில் பொட்டு இல்லை.

"தம்பி, இது எங்க அம்மா. மடியில இருக்கது நானு. இந்தச் சேல நீலமா வெள்ளையான்னு பாத்துச் சொல்லு."

"கறுப்பு வெள்ளைப் படத்துல நெறம் எப்படிம்மா தெரியும்? பார்வைக்கு வெள்ளையாத்தான் இருக்கு" என்றேன்.

"அததான எல்லாரும் சொன்னாவ" என்று படத்தைத் திரும்பச் சுற்றத் தொடங்கினார்.

ராணி விடவில்லை. "இவ்வளவு தூரம் வந்துட்டு எங்க போற? சொல்லும்மா, முழுசாச் சொல்லு."

அவர் சொன்னதை நான் சுருக்கி எழுதுகிறேன். துரை வீட்டுக்குப் படம் எடுக்க வந்த ஓர் ஆள் கூலிக்காரர்களையும் எடுத்திருக்கிறார். பேச்சியம்மாவின் தாய் தன்னிடம் இருந்ததிலேயே நல்ல சேலையை, வான நீலச் சேலையை, உடுத்தி உட்கார்ந்தாராம். படம் பிரிண்ட் ஆகி மலைக்கு வந்தபோது புருஷன் பக்கத்தில் இருக்கிற பெண் விதவைக் கோலத்தில் இருந்தாள். லயமே கூடி நின்று பார்த்தது. அந்த மழைக்காலத்திலேயே புருஷன் காய்ச்சலில் இறந்துபோனார்.

"உசுரோட நிக்கப்பவே வெள்ள உடுத்தி அவன அனுப்பி வச்சிட்டான்னு சொன்னாவ. அம்மா சாமி மேல சத்தியம் பண்ணுச்சு, நீலந்தான் உடுத்தேன்னு. பக்கத்துல நின்னு பாத்தவகளும் ஆமா நீலந்தான்னாவ. அதுக்கும் ஒண்ணு சொன்னாவ தம்பி. நீலம் உடுத்தவ வெள்ளையா வந்தா, அது அவ தலையெழுத்து, கேமராவுக்குத் தெரிஞ்சிருக்குன்னாவ. அதுக்கு மேல என்ன பேச?"

அதன் பிறகு ஒரு கல்யாணத்துக்கு, ஒரு சடங்குக்கு அந்தத் தாயை யாரும் கூப்பிடவில்லை. இறந்தவரின் தம்பி ஊரில் இருந்து வந்து, சிறுவனை மட்டும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பேச்சியம்மாவின் அண்ணன் மாடசாமி அவர்தான். அம்மாதான் அப்பாவைக் கொன்றாள் என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தார். தாய் சாகக் கிடந்தபோது ஆள் விட்டும் வரவில்லை. பின்னால் மலை அடிவாரத்தில் உள்ள வித்துராவில் வந்து டீக்கடை வைத்தார். போனக்காட்டு பஸ் அந்தக் கடைக்கு எதிரில்தான் நிற்கும்.

"ஒவ்வொரு தடவையும் நான் பஸ்ஸுல இருந்து பாப்பேன். அவுக முகத்தத் திருப்பிக்கிடுவாவ. என்னைய வெள்ளச்சேலக்காரி மவளுன்னுதான் சொல்லுவாவ. ராணி சடங்குக்கு வரல. கல்யாணத்துக்கு வரல. தாய்மாமன் எடத்துல ஒரு நாற்காலியப் போட்டு, ஒரு சொம்பு தண்ணி வச்சோம்."

ராணி சிரிக்கப் பார்த்தாள். "அந்தச் சொம்புகிட்டதான் நான் ஆசீர்வாதம் வாங்குனேன் சார்."

பேச்சியம்மா சிரிக்கவில்லை. "நான் போனா எனக்குப் பொறந்த வீட்டுக் கோடி வரணும். அதுக்குத்தான் கேக்கேன்."

கல்யாணமாகிப் போன பெண் இறந்தால், அவள் பிறந்த வீட்டில் இருந்து ஒரு புதுச் சேலை கொண்டு வந்து உடம்பின் மேல் போர்த்த வேண்டும். அதைத்தான் கோடி என்பது. பேச்சியம்மாவுக்குப் பிறந்த வீடு என்று மிஞ்சியிருந்தது அந்த அண்ணன் ஒருவர்தான்.

4. சிவப்பு விளக்கு

டாக்டர் சார் மாடியில் இருந்து இறங்கி வந்தார். படத்தை வாங்கி லென்ஸ் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். சேலையைப் பார்க்கவில்லை. படத்தில் லயத்துக்குப் பின்னால் தெரிந்த மலைக்கு மேலே பார்த்தார்.

"அம்மச்சி, அன்னைக்கு மழையோ வெயிலோ?"

"நல்ல வெயிலுன்னு அம்மா சொல்லும்."

"நெழல் நல்லா விழுந்திருக்கு. வெயிலுதான். அப்ப ஆகாசம் நீலமா இருந்திருக்கும். இதுல ஆகாசம் எங்க போச்சு?"

மலைக்கு மேலே வெறும் வெள்ளைக் காகிதம். நான் திரும்பிப் பார்த்தேன். எங்கள் சுவரில் மாட்டியிருக்கும் பழைய படங்கள் எல்லாவற்றிலும் ஆகாயம் அப்படித்தான் இருக்கும். ஒரு மேகம் கூட இருக்காது. தினமும் துடைக்கிற நான் அது ஏன் என்று யோசித்ததே இல்லை.

பிள்ளைகளே, இதைக் கவனமாகப் படியுங்கள். பழைய பிளேட்டில் பூசிய மருந்துக்கு எல்லா நிறமும் தெரியாது. நீலம் அதற்கு மிகவும் பிரகாசம். அதனால் நீலம் வெள்ளையாக வரும். சிவப்பு அதற்குத் தெரியவே தெரியாது. அதனால்தான் படம் கழுவுகிற டார்க் ரூமில் சிவப்பு பல்பைத் தைரியமாகப் போட்டுக்கொள்கிறோம். சிவப்பு விளக்கு எரிந்தாலும் அந்த மருந்துக்கு அது இருட்டு. ஆகவே சிவப்பு கறுப்பாக வரும். மஞ்சளும் இருண்டு போகும். நம்மைப் போன்ற கறுத்த நிறக்காரர்கள் நெற்றியில் சிவப்புக் குங்குமம் வைத்தால், நெற்றியும் கறுப்பு, பொட்டும் கறுப்பு. பொட்டு மறைந்துவிடும். கழுத்தில் கிடக்கும் மஞ்சள் கயிறும் அப்படியே. எல்லா நிறத்தையும் சரியாக உணரும் பிளேட் பின்னால்தான் வந்தது. வந்த பிறகும் மலை மூலைக்குப் போகிறவர்கள் பழைய சரக்கைத்தான் கொண்டு போனார்கள்.

"சொன்னா போதாது, காட்டணும்" என்றார் சார். "அந்தச் சேல இருக்கோ?"

"கிழிச்சு எனக்குத் தொட்டில் கட்டுச்சு. நைஞ்சு போச்சுய்யா."

மாடியில் இருந்து சாரின் மனைவி வான நீலத்தில் ஒரு சேலை கொண்டுவந்தார். அதை ராணிக்குச் சுற்றி, முற்றத்து வெயிலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். நெற்றியில் பெரிதாகக் குங்குமம். பழைய பிளேட் கிடைக்காது என்பதால் பிளேட் ஹோல்டரில் பிரோமைடு பேப்பரை வெட்டி வைத்தோம். பிரிண்ட் போடுகிற அந்தப் பேப்பருக்கும் அதே குணம்தான், சிவப்பு தெரியாது. நான் பழைய பெட்டி கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு ஃபோகஸ் பார்த்தேன். பின்கண்ணாடியில் ராணி தலைகீழாக, நீலமாக இருந்தாள். பொட்டு சிவப்பாக இருந்தது. சார் லென்ஸ் மூடியைத் திறந்து, வாய்க்குள் எண்ணி, மூடினார்.

டார்க் ரூமில் சிவப்பு வெளிச்சத்தில் பேச்சியம்மாவை ஸ்டூலில் உட்கார வைத்தோம். முதலில் நெகடிவ் கழுவினோம். பிறகு அதை வேறொரு பேப்பரோடு ஒட்டி வைத்து வெளிச்சம் காட்டிக் கான்டாக்ட் பிரிண்ட் போட்டு டெவலப்பர் மருந்து ஊற்றிய டிரேயில் இறக்கினேன். வெறும் பேப்பரில் கொஞ்சம் கொஞ்சமாக ராணி வந்தாள். வெள்ளைச் சேலையில் வந்தாள். நெற்றி மூளியாக இருந்தது. அதை ஃபிக்ஸர் மருந்துக்கு மாற்றியதும், இனி வெளிச்சம் படலாம் என்று சார் சாதாரண விளக்கைப் போட்டார்.

"ஐயோ!" பேச்சியம்மா எழுந்துவிட்டார். "எம் மவளையுமா? அத அழிங்கய்யா, அழிங்க!"

ராணியும் ஒரு நிமிஷம் திகைத்துத்தான் போனாள். "இரு, எங்க வீட்டுக்காரர் ஆட்டோவுல இருக்காரான்னு பாத்துட்டு வாரேன்" என்று வெளியே ஓடினாள். ஜன்னல் துணிக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது. "ஏங்க, இருக்கீங்களா?" "இருக்காம எங்க போவேன்? வெயிட்டிங் சார்ஜா தரப்போற?" என்று அவர் சத்தம் போட்டார்.

பேச்சியம்மா அந்தக் குரலைக் கேட்டார். டிரேயில் கிடந்த படத்தைப் பார்த்தார். ராணி சிவப்புப் பொட்டோடு, நீலச் சேலையோடு திரும்பி வந்து முன்னால் நின்றாள். அவளையும் பார்த்தார். பிறகு மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்து, "அம்மா" என்றார். "எங்க அம்மா சொல்லிச் சொல்லி வாய் ஓஞ்சு செத்துச்சே."

சந்தோஷப்படுவார் என்று நான் நினைத்திருந்தேன். அவர் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

5. சிவப்புத் துண்டு

இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு நான் வித்துராவுக்குப் போனேன். ராணியை அனுப்பினால் கடைக்குள்ளேயே விடமாட்டார் என்பதால் சார் என்னை அனுப்பினார்.

மாடசாமி அண்ணாச்சிக்கு வயதாகிவிட்டது, ஆனால் டீ ஆற்றுகிற கை நடுங்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறியது.

"அந்த வெள்ளச்சேலக்காரி மவ அனுப்புனாளோ?"

"நான் வேலை செய்ற எடத்துல இருந்து வாரேன் அண்ணாச்சி. ஒரு தடவை பாருங்க, போதும்."

ராணியின் படத்தை வாங்கினார். நான் விளக்கினேன். கேட்டுவிட்டு மேஜையில் போட்டார். "இப்பம் கம்ப்யூட்டருல கழுதையக் குதிரையாக்குதான். நீ இத எனக்குக் காட்டுத. டீய குடிச்சிட்டு பஸ்ஸப் பிடி."

பழைய போட்டோவை எடுத்து ராணி படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அதை அவர் சிறுவயதில் பார்த்ததுதான். அப்பாவுக்கு வேறு படம் இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். தாயின் பக்கத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு தகப்பனை மட்டும் பார்த்தார்.

"சேட்டா, ஒரு சாயா" என்று ஒருவர் வந்து நின்றார். அண்ணாச்சிக்குக் கேட்கவில்லை.

"தலையில என்னது கறுப்பா?" என்று என்னைக் கேட்டார்.

"தலைப்பாகை அண்ணாச்சி. துண்டு."

"கறுப்புத் துண்டு அவுகளுக்கு ஏது? எங்க அப்பா துண்டு செவப்பு. நல்ல மொளகாப்பழச் செவப்பு. குளிருக்கு என்னைய அதுல சுத்தித்தான் தோள்ல போட்டுக்கிட்டு..."

அங்கே நிறுத்தினார். சாயா கேட்டவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார். அண்ணாச்சி ராணியின் படத்தை மறுபடியும் எடுத்தார். அந்தப் பொட்டு இல்லாத நெற்றியை விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு பழைய படத்தில் தாயை மறைத்திருந்த கையை எடுத்தார்.

"இது இங்கனயே இருக்கட்டும்" என்றார். பழைய படத்தை எடுத்து உள்ளே வைத்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பேச்சியம்மாவிடம் சொன்னேன். மூச்சு வாங்கப் படுத்திருந்தார்.

"அண்ணன் என்ன சொன்னாவ?"

"ஒண்ணும் சொல்லலம்மா. படத்த வச்சுக்கிட்டாங்க."

"அப்பாவையா, அம்மாவையா?"

"ரெண்டு பேரும் ஒரே படத்துலதானம்மா இருக்காங்க."

"ஆமா, ஒண்ணாத்தான் இருக்காவ" என்று கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு வாசல் பக்கம் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் ராணியைப் பார்ப்பாராம். ராணி எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, "வேற ஆளும்மா" என்பாளாம். வீட்டுக்குப் போகணும் என்று பிடிவாதம் பிடித்ததால் மலைக்கே கொண்டு போனார்கள். வித்துராவில் பஸ் நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தி, எதிரில் பார்த்திருக்கிறார்கள். கடை பூட்டியிருந்தது.

6. கோடி

ராணி போன் செய்தபோது அழவில்லை. "அம்மா போயிட்டாங்க சார்" என்று மட்டும் சொன்னாள். டாக்டர் சாருக்கு முழங்கால் வலி என்பதால் நான் ஜீப்பில் மலை ஏறினேன்.

லயத்து வாசலில் பேச்சியம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். குளிப்பாட்டி முடிந்திருந்தது. சம்பந்தி வீட்டுக் கோடி வந்தாகிவிட்டது. "பொறந்த வீட்டுக் கோடி உண்டா?" என்று ஒருவர் கேட்டார். "அதெல்லாம் கெடையாது, தூக்குங்க" என்று இன்னொருவர் சொன்னார். வெள்ளச்சேலக்காரி மகள் என்ற அதே பேச்சு அவர் இறந்த பிறகும் அங்கே இருந்தது.

அப்போது தேயிலைச் சரிவில் ஒருவர் தடியை ஊன்றி ஏறி வருவது தெரிந்தது. கக்கத்தில் ஒரு துணிப்பை. வாசலுக்கு வந்து மூச்சு வாங்க நின்றார். அங்கே பலருக்கு அவரைத் தெரியவில்லை.

"யாரு பெரியவரே?"

"பொறந்த வீட்டுல இருந்து வாரேன்" என்றார் மாடசாமி அண்ணாச்சி.

கூட்டம் விலகியது. பையில் இருந்து சேலையை எடுத்தார். வான நீலம். மடிப்பைப் பிரிக்க அவருக்கு வரவில்லை. ராணி வந்து மறுமுனையைப் பிடித்தாள். இருவருமாக விரித்துப் போர்த்தினார்கள். "தேடிக் கண்டுபிடிக்க நாளாயிட்டும்மா" என்று தங்கையின் காதருகே குனிந்து சொன்னார். "ஊர்ல எங்க கேட்டாலும் கருநீலத்தக் குடுக்கான். இது அம்மா நீலம். கடையப் பூட்டிட்டு அலைஞ்சேன் பேச்சி. கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா?"

ராணி அவர் தோளைப் பிடித்தாள். "மாமா" என்று முதல் தடவையாகக் கூப்பிட்டாள்.

தூக்குவதற்கு முன்னால் அவர் என்னைத் தேடி வந்தார்.

"தம்பி, ஒன் போனுல ஒண்ணு எடு. இது நெறம் மாத்தாதே?"

"மாத்தாது அண்ணாச்சி."

எடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். சேலை நீலமாகவே இருந்தது. பேச்சியம்மாவின் நெற்றியில் வைத்த திருநீறு வெள்ளையாக இருந்தது. பக்கத்தில் நின்ற ராணியின் பொட்டு சிவப்பாக இருந்தது. "வந்துட்டு" என்றார். "எல்லாம் வந்துட்டு." அந்த வாசலில் அவர் உட்கார்ந்து அழுதபோது, அவரைத் தேற்ற யாரும் போகவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

பிள்ளைகளே, இப்போது நான் கேமரா பொய் சொல்லாது என்று யாரிடமும் சொல்வதில்லை. அது பொய் சொல்லவில்லை என்பதும் உண்மைதான். அதற்குத் தெரிந்ததை மட்டும் சொன்னது. தெரியாததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மீதியை நாம்தான் சொல்லிக்கொண்டோம். உங்கள் கைப்போனில் இருக்கும் கேமராவுக்கும் பிடிபடாதது ஏதாவது இருக்கும். ஒருவரைப் பற்றி ஒரு படத்தை யாராவது உங்களிடம் காட்டினால், அந்தப் படத்தில் இருக்கிறவரிடம் போய்க் கேளுங்கள்.

அந்தத் தாய் சொன்னதைக் கேட்டிருந்தால் போதும். நீலம் என்று அவர் முதல் நாளே சொன்னார்.